கடற்கரைக்கு உடுத்திப் போன டோனி

டோனியின் பெண்சாதி ரெஜினாவின் போன் வந்த அன்று எங்கள் மவுண்ட் ரோஸ்கில் வீட்டில் இருந்தவர்கள்: நான், மகள் சுகந்தி, மருமகன் ரவி, பேத்தி ஷாமினி. நான் கூட்டிச் சொல்கிறேன் என்று பிறகு ஒருவரும் கதை கட்டக்கூடாது. அதனால் பெயர்களை முதலே எழுதிவிடுகிறேன்.

போனை எடுத்தது நான். “அக்கா, இவர் போயிட்டார்” என்றாள் ரெஜினா. கடைக்குள் மா குழைத்துக்கொண்டு நின்றவருக்கு நெஞ்சு அடைத்துவிட்டது. நான் வாய் திறக்க முதல் அடுத்ததைச் சொன்னாள். “அண்ணர் கோட்டும் கழுத்துக்கு ரையும் கொண்டுவந்து நிக்கிறார். தலையைப் படிய வாரி, சங்கிலியைக் கழட்டித்தான் பெட்டியிலை வைக்கவேணுமாம்.”

அண்ணர் என்றது டோனியின் தமையன் மரியதாஸ். படித்தவர், கோயில் சபையில் பெரியவர். மன்னாரில் இருக்கிற சொந்தக்காரருக்குப் படம் அனுப்பவேண்டும், அது மரியாதையான படமாக இருக்கவேண்டும் என்று சொன்னாராம். டோனியை டோனியாகவே அனுப்பு பிள்ளை என்று ரெஜினாவிடம் சொன்னேன். அவள் அழுதாள்.

அவர் எப்படிப்பட்டவர் என்று உங்களில் பலருக்குத் தெரியும். பக்கத்து த்ரீ கிங்ஸில் அவருடைய பீட்சாக் கடையில் சாப்பிடாத தமிழ்ப் பிள்ளை இல்லை. ஆனால் தாய் தகப்பன்மார் கடைக்கு வெளியே காருக்குள்ளேயே இருப்பார்கள். ‘அந்தச் சண்டியன்’ என்றுதான் அவரைப் பற்றிக் கதைப்பார்கள். யார் யார் கதைத்தது என்பதும் எனக்கு நினைவிருக்கிறது.

நான் அப்போது அந்தக் கடைத்தொகுதியில் துப்புரவு வேலை. முதல் நாள் அவரைக் கண்டதும் தும்புத்தடியைப் பிடித்தபடி நின்றுவிட்டேன். தலைமயிர் ஜெல் போட்டு முள்ளுமுள்ளாக நிற்கிறது. கையில்லாத வெள்ளை பெனியன், அதற்கும் அயன் பிடித்த மடிப்பு. கழுத்தில் என் தாலிக்கொடியை விடத் தடித்த சங்கிலி. மன்னார் ஆள் என்று வாயைத் திறந்தபிறகுதான் தெரிந்தது. பெயர் அன்ரனி, ஆனால் டோனி என்றால்தான் திரும்பிப் பார்ப்பார்.

எனக்கு அறியவேண்டும் என்றால் அறியவேண்டும். இது என்ன கோலம் தம்பி என்று நேரே கேட்டேன். அவர் கோபிக்கவில்லை. நாட்டை விட்டு ஓடி, அமெரிக்காவில் நியூ ஜெர்சிக் கடற்கரையில் ஒரு இத்தாலிக் குடும்பத்தின் பீட்சாக் கடையில் வேலைக்குச் சேர்ந்து, பிறகு இங்கே வந்து சேர்ந்த கதையைச் சொன்னார்.

“அங்கை போய் இறங்கேக்கை என்ரை எண்டு ஒண்டும் இல்லை அக்கா. அந்த வீட்டுப் பெடியள் உடுக்கத் தங்கடை சேட்டைத் தந்தாங்கள், தங்கடை சீப்பைத் தந்தாங்கள். அது உடம்போடை ஒட்டீட்டுது.”

அதன் பிறகு தேநீர் நேரமெல்லாம் எனக்கு அந்தப் பெடியன்களின் கதைதான். கோடை வந்தால் கூட்டமாகக் கடற்கரைக்குப் போவார்களாம், ஆனால் நீந்தமாட்டார்களாம். தலை கலைந்துவிடும். எண்ணெய் பூசிக்கொண்டு வெயிலில் கிடந்து தோலைக் கறுக்க வைப்பார்களாம். இது எனக்கு நம்ப முடியவில்லை. நம் ஆட்கள் சான்ட்ரிங்ஹாம் கடையில் வெள்ளைக் கிரீம் தேடி அலைகிறார்கள், அவன்கள் கறுக்கப் பாடுபடுகிறான்கள். “என்னைப் பாத்து அவங்களுக்குப் பொறாமை அக்கா, நான் மினக்கெடாமலே கறுப்பு” என்று சிரித்தார்.

அவர்களுடைய சொற்களையும் ஒவ்வொன்றாகக் கேட்டு வைத்தேன். உற்ற கூட்டாளி என்றால் ‘கூம்பா’. என் மருமகன் ரவியையும் அப்படித்தான் கூப்பிடுவார், ரவிக்கு அது பிடிக்காது. அந்தப் பெடியன்களை மற்றவர்கள் ‘கிதோ’ என்பார்களாம். கெட்ட சொல்லா என்று கேட்டேன். வெளியாட்கள் சொன்னால் அடி விழும், தங்களுக்குள் சொன்னால் சொந்தம் என்றார். பிறகு ‘ஃபகெடபவுடிட்’. மறந்துவிடு என்று பொருளாம். ஆனால் பீட்சா நன்றாக வந்தாலும் அதைத்தான் சொல்வார், அடுப்பு பழுதானாலும் அதைத்தான் சொல்வார். எது எந்தக் கருத்தில் என்பதை நான் முகத்தைப் பார்த்துத்தான் பிடித்தேன்.

சங்கிலியில் சிலுவைக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் பொன் கொம்பும் தொங்கும். பிசாசுக் கொம்பு என்று மரியதாஸ் பிரசங்கம் வைத்தது என் காதுக்கும் வந்தது. நான் டோனியிடமே கேட்டேன். அந்த இத்தாலித் தாய், கண் படாமல் இருக்கத் தன் பிள்ளைகளுக்குப் போட்டபோது இவருக்கும் ஒன்று செய்து போட்டாவாம். நாவூறுக்குக் கட்டுவது நமக்குப் புதினமா? படித்த மனிதருக்கு அது விளங்கவில்லை.

இங்கே யேசு பிறந்த நத்தார் கோடையிலேதான் வரும். ஒரு நத்தாருக்கு அடுத்த கிழமை எங்கள் எல்லோரையும் மிஷன் பே கடற்கரைக்கு விருந்துக்குக் கூப்பிட்டார். நல்லா உடுத்திக்கொண்டு வாருங்கள் என்றார். நான் காஞ்சிபுரம் கட்டி, இருந்த நகையெல்லாம் போட்டுக்கொண்டு போனேன். போய்ப் பார்த்தால் கடற்கரை முழுக்க அரைக் காற்சட்டையும் வெறுங்காலும். ரவி பத்தடி தள்ளி நடந்தார். ஷாமினிக்கு அப்போது எட்டு வயது, என் முந்தானையை இழுத்து “அம்மம்மா, எவ்ரிவன்ஸ் லுக்கிங்” என்றாள்.

டோனி வெள்ளைக் காற்சட்டையும் திறந்த சேட்டுமாய், வெயிலில் சங்கிலி மின்ன எதிரே வந்தார். என்னை மேலும் கீழும் பார்த்துக் கையைத் தட்டினார்.

“பாக்கட்டும் பிள்ளை. பாக்கிறதுக்குத்தானே பீச்சுக்கு வாறது. இந்த ஊரிலை கடலுக்கு எப்பிடி வாறதெண்டு தெரிஞ்ச ஒரே ஆள் உன்ரை அம்மம்மா.”

அன்று பாட்டுப் பெட்டியை உரக்க வைத்து, ஒரு கையை முட்டியாக்கி வானத்தைக் குத்திக் குத்தி ஆடினார். ரெஜினாவும் ஆடினாள். எனக்கு ஆட்டம் வராது, கதிரை போட்டு இருந்து பார்த்தேன். போனவர் வந்தவர் எல்லோரும் எங்களைப் பார்த்தார்கள். எனக்கு ஒரு வெட்கமும் வரவில்லை.

அப்படிப்பட்ட மனிதரைச் செத்த வீட்டு மண்டபத்தில் சாம்பல் நிறக் கோட்டில் கிடத்தியிருந்தார்கள். தலை நடு வகிடு எடுத்துப் படிய வாரியிருந்தது. கழுத்தில் ரை, சங்கிலி இல்லை. கடைக்கு நாளாந்தம் வருகிற ஒரு மாவோரிப் பெண் பூவோடு வந்து பெட்டியை எட்டிப் பார்த்தாள். பிழையான அறைக்கு வந்துவிட்டதாக மன்னிப்புக் கேட்டுத் திரும்பினாள். வாசலில் எழுதியிருந்த பெயரைப் பார்த்துவிட்டு மீண்டும் வந்து அழுதாள்.

அதைக் கண்ட ரெஜினா எழும்பினாள். கைப்பையிலிருந்து ஜெல்லை எடுத்து விரலில் பூசி, புருஷனின் முன்மயிரில் கையை வைத்தாள். ஒரு நிமிட வேலை. மரியதாஸ் வந்து அவளுடைய மணிக்கட்டைப் பிடித்தார்.

“சனம் பாக்குது, ரெஜினா.”

அவள் கையை எடுத்துவிட்டாள். ஜெல்லைத் துடைக்க இடமில்லாமல் தன் கறுப்புச் சேலையிலேயே துடைத்தாள். அப்படியே மூடினார்கள்.

டோனியிடமிருந்து எனக்கு மிஞ்சியது ஒரு துணிவு. போன ஞாயிறு ரெஜினாவைக் கூட்டிக்கொண்டு மிஷன் பே கடற்கரைக்குப் போனேன். இருவரும் பட்டுத்தான் உடுத்தோம். அவள் கழுத்தில் புருஷனின் சங்கிலி, கொம்போடு.

ரவி தள்ளி நடந்ததை மன்னித்துவிட்டேன். காருக்குள் இருந்து கதைத்தவர்களையும் மன்னிக்கலாம், அவர்கள் செத்த வீட்டுக்கு வந்தார்கள். பெண்சாதி கடைசியாகப் புருஷனின் தலையைத் தொட்ட கையைப் பிடித்துத் தடுத்த மனிதரை மன்னிக்க எனக்கு மனமில்லை. அவர் பெயர் மரியதாஸ்.