யாழ்ப்பாணம் – கொழும்பு – சென்னை: இரண்டரை மணித்தியாலம்

டிக்கெட் விற்கிறவனிடம் எல்லோரும் கேட்பது ஒரே கேள்விதான்: எவ்வளவு நேரம் எடுக்கும்? ஹம்பேர்க் பிரதான ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ட்ராவல்ஸில் அதற்குப் பதில் சொல்லியே நான் வயிறு வளர்த்தேன். அகதிப் பாஸ்போர்ட் வைத்திருந்தவர்களுக்கு இந்தக் கஷ்டம் தெரியும். இலங்கை தவிர எங்கும் போகலாம் என்று அதில் எழுதியிருக்கும். அதனால் பெற்றோரைச் சென்னைக்கு வரச் சொல்லித்தான் பார்ப்போம்.

அரை மணித்தியாலம்

தகப்பனைச் சென்னைக்கு எடுப்பித்த அக்கா ஒருவர் டிக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கொழும்பில் ஒன்பதுக்கு ஏறினால் ஒன்பது ஐம்பதுக்குச் சென்னை. திரும்பும்போது பதினொன்றுக்கு ஏறினால் பன்னிரண்டு ஐம்பதுக்குக் கொழும்பு. இலங்கை மணிக்கூடு அப்போது இந்தியாவைவிட அரை மணித்தியாலம் முந்தி ஓடியது. படம் கீறி விளங்கப்படுத்தினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்:

“அப்பாவுக்கு எண்பது வயசு, தம்பி. கெதியாப் போற பிளேனிலயே திருப்பியும் அனுப்புங்கோ.”

நான் எழுதிக் கொடுத்த கணக்கு

யாழ்ப்பாணத்துக்குத் தரைவழியான ஏ9 பாதை சண்டையில் பூட்டிய வருடம் சிவம் அண்ணை வந்தார். உணவகக் குசினியில் வேலை. யாழ்ப்பாணத்தில் இருந்த தாயைப் பார்த்துப் பத்தொன்பது வருடம். முதலாளி மூன்று கிழமை லீவு கொடுத்திருந்தார். தாயிடம் பாஸ்போர்ட்டும் இந்திய விசாவும் இருந்தன. யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்கு ஒரு மணித்தியாலம், அங்கிருந்து சென்னைக்கு ஒன்று இருபது, எல்லாமாக இரண்டரைக்குள் என்று எழுதிக் கொடுத்தேன். நடுவில் கொழும்பில் மூன்று நாள் விட்டதில் எனக்குப் பெருமை வேறு. யாழ்ப்பாணத்தை விட்டு வெளிக்கிட ஆமியின் கிளியரன்ஸ், அதுதான் பயண அனுமதி, வேண்டும் என்பதை நான் யோசிக்கவே இல்லை. ஊரைப் பற்றி எல்லாம் தெரியும் என்ற நினைப்புத்தான், வேறென்ன. அண்ணை சிரித்தார்:

“பத்தொன்பது வருசமாப் பாக்காத அம்மா ரெண்டரை மணித்தியாலத்தில வந்திடுவா எண்டுறீர், என்ன?”

சென்னையிலிருந்து

அண்ணை சென்னைக்குப் போய்ச் சேர்ந்தார். தாயின் பெயர் ஆமியின் கிளியரன்ஸ் லிஸ்டில் வரவில்லை. இரண்டாம் கிழமையும் வரவில்லை. நான் விற்றது திகதி மாற்ற ஏலாத டிக்கெட். முதலாளியும் லீவை நீட்டமாட்டேன் என்றுவிட்டார். ஒவ்வொரு நாளும் போன் எடுத்தவர் கடைசியாக எடுத்தபோது கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

“ஒரு மணித்தியாலம் எண்டு எழுதித் தந்தனீர், தம்பி. இண்டைக்குப் பதினெட்டாம் நாள்.”

திரும்பும் வழி

அண்ணை ஹம்பேர்க்கில் வந்திறங்கிய மறுநாள் கிளியரன்ஸ் கிடைத்தது. தாய் கொழும்புக்கு வந்து ஒரு லொட்ஜில் மகனின் அடுத்த லீவுக்காகக் காத்திருந்தார். ஆறாம் கிழமை அங்கேயே செத்துப் போனார். செய்தி வந்த அன்று அண்ணை வேலை உடுப்போடு கடைக்கு வந்தார். ஏசட்டும் என்று எழும்பி நின்றேன். அவர் கதிரையில் இருந்து, மெல்லக் கேட்டார்:

“கொழும்பில இருந்து யாழ்ப்பாணத்துக்கு அம்மாவைப் பெட்டியில கொண்டுபோக எவ்வளவு நேரம் எடுக்கும்? அதுக்கும் கிளியரன்ஸ் வேணுமோ?”

அத்தோடு அந்த வேலையை விட்டேன் என்று சொல்லத்தான் ஆசை, ஆனால் பிறகும் இரண்டு வருடம் அதே கதிரையில் இருந்து, கேட்டவர்களுக்கெல்லாம் மணித்தியாலக் கணக்கு எழுதிக் கொடுத்தேன்.