எறும்புக்காக அறுந்த பாவு

அறுபதுகளின் கடைசி. காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் நடந்தது. எங்கள் பெண்ணுக்கு அப்போது ஏழு வயது, பையனுக்கு நாலு. வந்தவாசிப் பக்கத்துக் கிராமத்தில் இருந்தபோது, என் வீட்டுக்காரருக்குக் காஞ்சிபுரம் தாலுகா ஆபீசுக்கு மாற்றலானது. ஆர்டரைப் பார்த்து அவர் சந்தோஷப்பட்டார். நான் அழுதேன்.

அழுததற்குக் காரணம் உண்டு. நாங்கள் நயினார்கள், அதாவது தமிழ்ச் சமணர்கள். பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டு முடித்துவிடுவோம். தண்ணீரைத் துணியில் வடிகட்டாமல் குடிக்க மாட்டோம். வெங்காயம், பூண்டு, கிழங்கு எதுவும் வீட்டுக்குள் வராது. ஊரில் தெரு முழுக்க எங்கள் ஜனம் என்பதால் இதெல்லாம் ஒரு கட்டுப்பாடாகவே எனக்குத் தோன்றியதில்லை. போதாததற்கு, சின்ன வயதிலேயே என் அம்மா எனக்கு ஒரு விரதம் எடுத்து வைத்திருந்தாள். பட்டைத் தொடுவதில்லை! ஒரு சேலைக்காக எத்தனை ஆயிரம் புழுக்களைக் கொதிக்கிற தண்ணீரில் போடுகிறார்கள் என்று சொல்லிச் சொல்லியே என்னை வளர்த்தாள். எங்களில் எல்லாரும் அப்படி இல்லை, கல்யாணம் காட்சிக்குப் பட்டு கட்டுகிறவர்கள் நிறையப் பேர். என் கல்யாணம் மட்டும் பருத்திச் சேலையில் நடந்தது. அப்படிப்பட்டவளைக் கொண்டுபோய்க் காஞ்சிபுரத்தில் குடிவைத்தால்? "மீன் வாசனை ஆகாதவளைக் கடற்கரையில கட்டிக்குடுத்த மாதிரிதான்டி" என்று என் அக்கா விழுந்து விழுந்து சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

வீடு தேடிப் போனால் எந்தத் தெருவிலும் முதல் கேள்வி, "நீங்க இன்னா ஜனம்?" சமணர் என்றால் விழிப்பார்கள். அப்புறம், "ஓ, சேட்டா!" என்று தாங்களே ஒரு முடிவுக்கு வந்துவிடுவார்கள். ஒரு அம்மாள் விறுவிறுவென்று உள்ளே போய் ஒரு பித்தளை அண்டாவைத் தூக்கிக்கொண்டு வந்து, "இத்த வெச்சிக்கினு இன்னா குடுப்பீங்க?" என்று கேட்டே விட்டாள். என் வீட்டுக்காரர் தன் கிழிந்த குடையை விரித்துக் காட்டி, "அடகு பிடிக்கிறவன் கொடையாம்மா இது?" என்றார். மொழியும் தமிழ், முகமும் தமிழ் என்று யாருக்கும் புரியவைக்க முடியவில்லை.

கடைசியில் இரண்டு வீடுகள் மிஞ்சின. ஒன்று, வேகவதி ஆற்றுக்கு அந்தப் பக்கம், திருப்பருத்திக்குன்றத்தில் எங்கள் கோவிலை ஒட்டி. அக்கம்பக்கம் எங்கள் ஜனம். ஆனால் ஓடு மாற்ற வேண்டும், மூன்று மாதம் ஆகும் என்றார்கள். பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்கு நெடுந்தூரம் நடக்க வேண்டும், தெருவிளக்கும் கிடையாது. இன்னொன்று பிள்ளையார்பாளையத்தில் ஒரு நெசவுக்காரர் வீட்டின் பின்கட்டு. முன்கட்டில் இரண்டு தறி. பள்ளிக்கூடம் கூப்பிடு தூரம், ஆஸ்பத்திரியும் பக்கம். அவருக்கு இது பிடித்தது. எனக்கு அது பிடித்தது. சண்டை போட்டு ஒரு முடிவுக்கு வந்தோம். மூன்று மாதம் இங்கே, ஓடு மாற்றியதும் அங்கே.

குடிவந்த அன்றே வீட்டுக்கார அம்மாள் எனக்கு ஒரு சட்டம் சொன்னாள். நாற்பது வயதிருக்கும், நல்ல உயரம், தானே தறியில் உட்காருகிறவள்.

"எங்க தெருவுல ஒண்ணே ஒண்ணுதாம்மா. விடிகாலைல பாவு நீட்டுவோம். சுருட்டற வரிக்கும் புள்ளைங்க தெருவுல ஓடக் கூடாது. கதவத் தாப்பா போட்டு வெச்சிக்க. குறுக்க ஒரு புள்ள ஓடிச்சின்னா பல நாள் பாடு போயிடும்."

பாவு என்றால் சேலையின் நீளவாட்டு இழைகள். ஆயிரக்கணக்கான பட்டு இழைகளைத் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டி, கஞ்சி தடவி, பிரஷ்ஷால் நீவி, வெயில் ஏறுவதற்குள் சுருட்டிவிட வேண்டும். தலைமயிரைவிட மெல்லிய இழைகள். பிள்ளைகள் ஓட முடியாத தெருவும் ஒரு தெருவா என்று நான் அன்றைக்கே முணுமுணுத்தேன்.

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். மனசும் அப்போது அவ்வளவு பெரிசாக இல்லை. ஞாயிற்றுக்கிழமை அவர்கள் கருவாடு வறுத்தால் ஜன்னலைப் படார் என்று சாத்துவேன், அவர்கள் காதில் விழட்டும் என்றே. முதல் வெள்ளிக்கிழமை அந்த அம்மாள் தாம்பூலத் தட்டில் ஒரு பட்டு ரவிக்கைத் துண்டு வைத்து நீட்டினாள். நான் வாழைப்பழத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, "ரவிக்கைத் துணி வீட்ல நெறைய இருக்கு" என்றேன். அவள் முகம் சுருங்கியது. விரதத்தைச் சொல்லியிருக்கலாம். பட்டு நெய்து பிழைக்கிறவளிடம் போய்ப் பட்டு பாவம் என்று எப்படிச் சொல்வது? கர்வக்காரி என்று நினைத்தால் நினைக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

மூன்றாம் மாதம், மார்கழிப் பனி. ஓடு மாற்றியாயிற்று, வந்து பாருங்கள் என்று திருப்பருத்திக்குன்றத்திலிருந்து சொல்லி அனுப்பினார்கள். மறுநாள் ஞாயிறு. கோழி கூவுமுன்னே குளித்துவிட்டேன். வீட்டுக்கார அம்மாளிடம் மூச்சுவிடவில்லை. என் வீட்டுக்காரர் சைக்கிளைச் சுவரோரமாக உருட்டிக்கொண்டு வெளியே போனார். நான் பிள்ளைக்குச் சட்டை எடுக்க உள்ளே திரும்பினேன். தாழ்ப்பாள் போடவில்லை. மூன்று மாதமாக ஒரு நாள் தவறாமல் போட்ட தாழ்ப்பாள்!

வாசலில் வீட்டுக்காரர்களின் பாவுதான் நீட்டியிருந்தது. அரக்குக் கலர். தை மாதக் கல்யாணம் ஒன்றுக்கு மூன்று சேலைகள். கஞ்சி சொட்டிய இடமெல்லாம் எறும்பு மொய்த்திருக்கிறது. இரண்டு பேர் பிரஷ் பிடித்து நடந்து வருகிறார்கள். என் மகன் வாசற்படியில் நின்று பார்த்திருக்கிறான்.

"எறும்பு! எறும்பு! மிதிக்காதீங்க!"

இந்தக் குரல் மட்டும்தான் எனக்குக் கேட்டது. ஓடி வந்து பார்த்தால், பாவுக்கு அடியில் புகுந்து, நடுவில் எழுந்து நிற்கிறான். தோளிலும் கழுத்திலும் அரக்கு இழைகள். ஒரு பக்கத்து இழைகள் அறுந்து தொங்குகின்றன. பட்டு அறுந்தால் பெரிய சத்தம் வராது. பிரஷ் பிடித்தவர்கள் நடந்த இடத்திலேயே நின்றுவிட்டார்கள்.

சின்ன உயிரையும் மிதிக்கக் கூடாது என்று அவனுக்குச் சொல்லிக் கொடுத்தவள் நான்தான். கதவைத் திறந்து போட்டவளும் நான்தான். ஆனாலும் கை அவனை அடிக்கத்தான் ஓங்கியது.

"கைய எறக்கு!" என்றாள் அந்த அம்மாள், கோபத்தோடுதான். பிறகு குரலைத் தணித்துக்கொண்டு அவனிடம், "ஆடாத கண்ணு. அப்டியே சாமி மாதிரி நில்லு" என்றாள். கிட்டே போய் ஒவ்வொரு இழையாக அவன் மேலிருந்து எடுத்து, அவனைக் குனிய வைத்து வெளியே இழுத்தாள். அவளுடைய புருஷன் அதிகம் பேசாத மனிதர். "இன்னாத்துக்குடா உள்ள பூந்த?" என்று கேட்டார். இவன் விக்கி விக்கி அழுதுகொண்டே, "எறும்பு செத்துடும்" என்றான். அவர் அவனையும் பார்த்தார், அறுந்த பாவையும் பார்த்தார். துண்டை உதறித் தலையில் கட்டிக்கொண்டார்.

அதற்குள் எதிர்வீடு, பக்கத்து வீடு என்று ஆட்கள் வந்துவிட்டார்கள். அவரவர் வேலையை அப்படியே போட்டுவிட்டு வந்தார்கள். பாவின் இரண்டு பக்கமும் உட்கார்ந்து, அறுந்த இழைக்கு ஜோடி தேடி முடிச்சுப் போட ஆரம்பித்தார்கள். வெயில் ஏறிவிட்டால் கஞ்சி முறுகி மீதி இழையும் அறுந்துவிடும் என்று பேசிக்கொண்டார்கள். என் வீட்டுக்காரரும் சைக்கிளைச் சாய்த்துவிட்டு, பாவு கட்டிய கம்பைப் பிடிக்கச் சொன்ன இடத்தில் பிடித்துக்கொண்டு நின்றார்.

நான் மட்டும் மரம் மாதிரி நின்றேன். அத்தனை பேர் கையும் என் பிள்ளை செய்ததைச் சரிக்கட்டுகிறது, என் கை சும்மா இருக்கிறது. அவமானம் பிடுங்கித் தின்றது. விரதமாவது ஒன்றாவது என்று போய் உட்கார்ந்து, தொங்கிய இழையை எடுக்கக் கையை நீட்டிவிட்டேன்.

பாதி வழியில் என் மணிக்கட்டை ஒரு கை பிடித்தது. அந்த அம்மாள்.

"வேணாம்மா. நீ தொடாத."

"செஞ்சது என் புள்ளதான், அக்கா. நான்தான..."

"அது தெரியும். நீ பட்டு தொடாதவன்னும் தெரியும். ரவிக்க துணி குடுத்தப்பவே பாத்தேனே, வெரல்கூட படாம பழத்த எடுத்த. நைனாருங்கள்ல அப்படி ஒரு நோன்பு இருக்குதுன்னு அப்பறமா விசாரிச்சிக்கினேன். எங்க பாவுக்கோசரம் உன் நோன்பு கெட வேணாம். கஞ்சி பத்தாது, போயி காச்சிக்கினு வா. அரிசிதான, அத்தத் தொடுவ இல்ல?"

கருவாட்டுக்கு நான் ஜன்னல் சாத்தியதையும் அவள் பார்த்துக்கொண்டுதானே இருந்தாள்! எழுந்து உள்ளே ஓடினேன். நொய்யைக் குழைய வேகவைத்து, எங்கள் வீட்டுப் பழக்கப்படி துணியில் ஒருமுறைக்கு இரண்டு முறை வடித்தேன். கொண்டுபோய்க் கொடுத்ததும் பிரஷ் பிடித்த பெரியவர் விரலில் தொட்டுப் பார்த்து, "இன்னாது, ஒரு கட்டி கூட இல்லியே! யார் காச்சனது?" என்றார். அந்தக் களேபரத்திலும் நாலு பேர் சிரித்தார்கள். என் பெண் தம்பியை அழைத்துப்போய்த் தெருக்கோடியில் வெல்லத்தூள் தூவி, எறும்பை அந்தப் பக்கம் இழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வெயில் சுள்ளென்று அடிக்கும்போது கடைசி இழையையும் முடிச்சுப் போட்டார்கள். சுருட்டிய பாவைத் தோளில் தூக்கிக்கொண்டு அந்த அம்மாளின் புருஷன், "தப்பிச்சிது. மூணு சேலையும் தேறும்" என்றார். அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டேன். அப்பாடா என்று வந்த மூச்சு இன்னும் எனக்கு ஞாபகம் இருக்கிறது.

எல்லாரும் மோர் குடித்துப் போன பிறகு, என் வீட்டுக்காரர் சைக்கிளைத் துடைத்துக்கொண்டே, "என்ன, வீடு பார்க்கக் கிளம்பலாமா?" என்றார், ஒன்றும் தெரியாதவர் மாதிரி.

"ஓடு மாத்தினவங்களுக்குச் சொல்லி அனுப்பிடுங்க. நமக்கு வேணாம்."

பதினோரு வருஷம் அந்தப் பின்கட்டில் இருந்தோம். எங்கள் விரத நாளான சதுர்த்தசி தோறும் ஆற்றைத் தாண்டி எங்கள் கோவிலுக்குப் போய்வந்தோம். பையனுக்குத் தெருவில் 'எறும்பு' என்றே பேர். ஜன்னலை நான் சாத்துவதில்லை, அவர்களும் ஞாயிற்றுக்கிழமைச் சமையலைக் கொல்லைப்புறத்துக்கு மாற்றிக்கொண்டார்கள். சாயங்காலமானால் தறியில் இருந்தபடியே, "பொழுது சாயுதும்மா, புள்ளைங்க சாப்டுச்சுங்களா?" என்று அக்கா குரல் கொடுப்பாள். ஆமாம், அன்றிலிருந்து அவள் எனக்கு அக்கா.

எங்கள் ஜனம் சூழ இருந்தால்தான் எங்கள் வழக்கம் நிலைக்கும் என்று நம்பியிருந்தேன், ஆனால் நானே கைவிட இருந்த நேரத்தில் அதைப் பிடித்து நிறுத்தியவள் ஒரு பட்டு நெசவுக்காரி. இந்த வயது வரைக்கும் நான் பட்டைத் தொட்டதில்லை, அதில் பாதிப் புண்ணியம் அந்த அக்காவுக்குத்தான் போய்ச் சேர வேண்டும்.