பின்னால் வருகிறார்

இது போன வருடம் ஏப்ரல் மாதம் சைப்ரஸ் தீவில் நடந்தது. நான் லண்டனில், நோர்பரியில் இருக்கிறேன். வயது ஐம்பத்து நான்கு. மலையேறுகிற ஆளில்லை, வீட்டு மாடிப்படியே எனக்குத் தாராளம். அப்படிப்பட்டவள் கொட்டுகிற மழையில் ஒரு மலையிடுக்குக்குள் எதற்கு ஓடினேன் என்று சொல்ல வேண்டுமானால், முதலில் என் பொய்யைச் சொல்ல வேண்டும்.

அதற்கு ஒன்றரை வருடம் முன்பு, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, என் கணவர் ஒரு பெட்டியோடு வீட்டை விட்டுப் போனார். சண்டை இல்லை, சச்சரவு இல்லை. "எனக்குத் தனிய இருக்கவேணும் போல கிடக்கு" என்றார், அவ்வளவுதான். இல்ஃபோர்ட் பக்கம் ஒரு அறை எடுத்திருக்கிறார் என்று பிறகு மகள் மூலம் தெரிந்தது. இன்னொரு பெண் என்றாலாவது வாயாரத் திட்டியிருப்பேன். என்னோடு இருப்பதைவிட ஒருவரும் இல்லாமல் இருப்பது மேல் என்று ஒரு மனிதர் முடிவெடுத்ததை யாரிடம் போய்ச் சொல்வது?

ஆகவே யாரிடமும் சொல்லவில்லை. மனோர் பார்க் முருகன் கோயிலில் எனக்குத் தெரிந்த ஒரு அக்கா இருக்கிறார். "எங்க, இண்டைக்கும் அவரைக் காணேல்லை?" என்று கேட்பார். "அவருக்கு ஷிப்ட், அக்கா" என்பேன். கலியாண வீடுகளில் கேட்டால், "காரைப் பார்க் பண்ணிப்போட்டுப் பின்னால வாறார்" என்பேன். அந்தக் காரை அவர் ஒன்றரை வருடமாகப் பார்க் பண்ணிக்கொண்டே இருந்தார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்கள். நான் இல்லாத பூசணிக்காயை இருப்பதாகக் காட்டிக்கொண்டு திரிந்தேன்.

உண்மை தெரிந்தவள் மகள் மட்டும்தான். அவளுக்கு லீட்ஸில் வேலை. "அம்மா, வீட்டுக்குள்ளயே கிடந்து வாடாதேங்கோ. ஒரு கிழமை எங்கயாவது வெயிலுக்குப் போட்டு வாங்கோ" என்று ஹோட்டல், விமானம் எல்லாம் அவளே பதிந்து அனுப்பினாள். பயணத்துக்கு முதல்நாள் தோர்ண்டன் ஹீத் கடையில் மிக்ஸர் வாங்கும்போது கடைக்கார அண்ணை, "அவரும் வாறாரோ?" என்று கேட்டார். "ஓம், ரண்டு பேரும்தான்" என்றேன். நாக்குக்கு அவ்வளவு பழக்கமாகிவிட்டது.

சைப்ரஸ் அழகாகத்தான் இருந்தது, அதுதான் கஷ்டம். கடலின் நீலத்தைப் பார்த்து "பாத்தீங்களே" என்று சொல்லத் திரும்புவேன், பக்கத்தில் ஆளிருக்காது. காலைச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்ததும் பரிமாறுகிறவர் வந்து எதிரே இருந்த தட்டையும் கோப்பையையும் மரியாதையாக எடுத்துக்கொண்டு போவார். மூன்றாம் நாள் நான் சாப்பிடவே போகவில்லை. அறையில் இருந்தபடி மிக்ஸரைத் தின்றேன்.

நாலாம் நாள், இப்படியே இருந்தால் பைத்தியம் பிடிக்கும் என்று, ஹோட்டலில் சொன்ன ஒரு மலையிடுக்கைப் பார்க்க பஸ் ஏறினேன். இரண்டு பக்கமும் செங்குத்தான பாறை, நடுவில் ஓடையோடு ஒரு நடைபாதை. போன வழியாலேயே திரும்பி வர வேண்டும். வாசலில் ஒரு சிறிய தேநீர்க் கடை. அதை நடத்துகிறவருக்கும் மனைவிக்கும் அறுபதைத் தாண்டியிருக்கும். உள்ளே போகிறவர்களை அவர் ஒரு நோட்டுக் கொப்பியில் எழுதி, வெளியே வந்ததும் கோடு போட்டு வெட்டுவார். மழை வந்தால் மேலேயிருந்து கல் விழுமாம். யாராவது உள்ளே மாட்டிக்கொண்டார்களா என்று தெரிய வேண்டும் அல்லவா?

எனக்கு முன்னால் ஒரு ஜோடி கைகோத்துக்கொண்டு போனது. அடுத்தது நான். "எத்தனை பேர்?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். "இரண்டு" என்றேன். அவர் என் தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். "கணவர் பின்னால் வருகிறார், படம் எடுத்துக்கொண்டு நிற்கிறார்." அவரும் நம்பி, இரண்டு என்று எழுதிவிட்டுத் தேநீர் போடக் கடைக்குள் போனார். பெண் தனியாகப் போனால் இப்படிச் சொல்வது பாதுகாப்பு என்று நீங்கள் நினைக்கலாம். இல்லை. எனக்கு வெட்கம், அவ்வளவுதான்.

உள்ளே போகப் போகப் பாறைகள் நெருங்கி வந்தன. ஓரிடத்தில் கையை நீட்டினால் இரண்டு சுவரையும் தொடலாம். ஓடைத் தண்ணீர் கணுக்காலில் சில்லிட்டது. கால் பட்ட செடியெல்லாம் ஓமம் மாதிரி மணத்தது. எங்கேயோ உயரத்தில் ஆட்டு மணி கேட்டது. "அவர் எங்கே" என்று கேட்க அங்கே ஒருவருமில்லை. ஒரு கல்லில் உட்கார்ந்து நன்றாக அழுதேன். முகத்தைக் கழுவிக்கொண்டு திரும்பினேன்.

வெளியே வந்ததும் கடைக்காரர் கேட்டார்: "கணவர்?" "பின்னால்" என்றேன். மூன்றரைக்குத்தான் பஸ். அவருடைய மனைவி தந்த எலுமிச்சை ஜூஸோடு ஒரு மேசையில் இருந்தேன். மற்றவர்கள் ஒவ்வொருவராக வெளியே வந்து தங்கள் கார்களில் போய்விட்டார்கள். கொப்பியில் வெட்டாமல் இருந்தது என் வரி மட்டும்தான். மலைப்பக்கம் வானம் கறுத்து வந்தது.

அவர் கொப்பியோடு என்னிடம் வந்தார். "உங்கள் கணவருடைய பெயர் என்ன?" அப்போதே சொல்லியிருக்கலாம். சொல்லத்தான் வாயைத் திறந்தேன், பெயர்தான் வந்தது. எங்கள் ஊர்ப் பக்கம் கணவனைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. இருபத்தெட்டு வருடமும் "இஞ்சாருங்கோ" என்றுதான் கூப்பிட்டேன். முதல் தடவையாக அந்தப் பெயரைச் சத்தமாகச் சொன்னது ஒரு பொய்க்குத் துணையாக. அவர் அதை இரண்டு முறை சொல்லிப் பார்த்து எழுதிக்கொண்டார். சும்மா கணக்குக்காகத்தான் என்று நினைத்து நான் கழிப்பறைக்குப் போனேன்.

திரும்பி வந்தால் அவரைக் காணோம். மேசையில் கொப்பியும் அவருடைய போனும் கிடந்தன. மனைவி வாசலில் நின்று வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். "உங்கள் கணவரைக் கூட்டிவரப் போயிருக்கிறார். போன குளிர்காலத்தில்தான் முழங்காலில் ஆபரேஷன் செய்தது. வேண்டாம் என்றேன், கேட்கவில்லை" என்றார். முதல் துளி என் கையில் விழுந்தது.

"உள்ளே ஒருவரும் இல்லை" என்றேன். அந்த அம்மாவுக்கு விளங்கவில்லை. விளங்க வைக்க எனக்குப் பொறுமையும் இல்லை. ஓடினேன். மாடிப்படிக்கே மூச்சு வாங்குகிறவள், வழுக்குகிற கல்லில், செருப்பு ஒரு பக்கம் நான் ஒரு பக்கமாக ஓடினேன். மழை கொட்டத் தொடங்கியது. பொடிக்கற்கள் சுவரில் உருண்டு தண்ணீரில் விழுந்தன. அந்த மனிதருக்கு ஏதாவது ஆனால் அது என் கையால் செய்தது போலத்தான். அதைத் தவிர வேறு நினைப்பு இல்லை.

அப்போதுதான் கேட்டது. தூரத்தில், பாறைகளுக்குள், அவர் என் கணவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். உச்சரிப்புப் பிழை. ஆனால் தொண்டை கிழியக் கூப்பிட்டார். கூப்பிட்டுவிட்டுக் கொஞ்சம் பொறுப்பார், பதில் வருகிறதா என்று. மறுபடி கூப்பிடுவார். என் கணவர் பெட்டியோடு இறங்கிப் போன அன்று நான் வாசல்வரைகூடப் போகவில்லை. குசினியில் நின்று பருப்பைத் துழாவிக்கொண்டிருந்தேன். என் கணவரை இப்படி ஒருவர் கூப்பிட்டது இந்த மலைக்குள்தான், அதுவும் முன்பின் தெரியாத ஒருவர்.

கடைக்காரரை நிறுத்த வேண்டும். பெயர் தெரியாது. வாயில் வந்தது ஒன்றுதான்: "இஞ்சாருங்கோ!"

கத்திய பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே உறைத்தது. பாறை அதை வாங்கி மூன்று தடவை திருப்பிச் சொன்னது. அவர் நின்றார்.

கிட்டப் போனதும் மூச்சு வாங்க, ஆங்கிலத்தில், "ஒருவரும் வரவில்லை. நான் தனியாகத்தான் வந்தேன். அவர் லண்டனில் இருக்கிறார். என்னோடு இல்லை" என்றேன். வாழ்க்கையில் முதல் தடவையாக அதைச் சொன்னேன். அவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு தன் மொழியில் ஏதோ சொன்னார், வாழ்த்தாக இருந்திருக்காது. பிறகு என்னை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். கையில் இரண்டாவது மழைக்கோட்டு ஒன்று வைத்திருந்தார், என் கணவருக்கென்று கொண்டுவந்தது. அதை என்னிடம் நீட்டினார். என் முழங்காலுக்குக் கீழே தொங்குகிற அளவு. போட்டுக்கொண்டேன்.

திரும்பி நடக்கையில், அவர் போக இருந்த பக்கத்தில் கற்கள் சரிகிற சத்தம் கேட்டது. இருவரும் நின்றோம். அவர் திரும்பிப் பார்த்தார். அவருடைய கையைப் பிடித்துக்கொண்டுதான் மிச்ச தூரம் நடந்தேன்.

வெளியே அவருடைய மனைவி அவரைத்தான் ஏசினார், என்னை அல்ல. எனக்கு ஒரு துவாயைக் கொண்டுவந்து தலையில் போட்டார். பஸ் போய்விட்டது. தன் பழைய வண்டியில் அவரே என்னை ஹோட்டலுக்குக் கொண்டுபோய் விட்டார். நான் நாலு தடவை மன்னிப்புக் கேட்டேன். இறங்கும்போது அவர், "நான் நன்றாகத்தான் கூப்பிட்டேன்" என்றார், குறை தன்னுடையது என்று யாரோ சொன்னது போல. "ஓம்" என்றேன், தமிழில்.

என் பொய் என்னை மட்டும்தான் சுடும் என்று அதுவரை நினைத்திருந்தேன். தனியாக இருக்கிறவள் சொல்வதை யார் அவ்வளவு பெரிதாக எடுக்கப்போகிறார்கள் என்ற எண்ணம். இப்போது கோயிலிலோ கலியாண வீட்டிலோ யாராவது கேட்டால், "நான் தனியத்தான் வந்தனான்" என்று சொல்லிவிடுகிறேன். சொல்லும்போது இன்னும் வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் இல்லாத ஒருவரைத் தேடி இனி எவரும் மழைக்குள் இறங்க வேண்டியதில்லை.