சும்மா கிடக்கிற தரவை

என் கையெழுத்தின் மீது எனக்கு ஒரு கர்வம் உண்டு. ஓர்ஸ் ஹில்லில் இருக்கும் எங்கள் திட்டமிடல் அலுவலகத்தில் எல்லோரும் கணினியில் தட்டிக்கொண்டிருக்க, கள விபரங்களை நான் மட்டும் பேனாவால் எழுதுவேன். அச்சடித்தது போல இருக்கிறது என்று பணிப்பாளரே சொல்லியிருக்கிறார். கடைசியில் என் மூக்கை உடைத்ததும் நான் அழகாக எழுதிய ஒரு சொல்தான்.

கிண்ணியாவுக்கு அப்பால், மானாவாரி வயல்களுக்கும் உப்புநீர்க் கண்டல் காட்டுக்கும் நடுவில் ஒரு பெரிய புல்வெளி இருக்கிறது. அப்படிப்பட்ட வெளியை இங்கே தரவை என்போம். மாவட்டத்தின் காணிப் பயன்பாட்டுத் திட்டத்துக்கு விபரம் எடுக்க நான் அங்கே போனது அறுவடை முடிந்த கோடையில். காய்ந்த புல்லைத் தவிர ஒன்றுமில்லை, பெயருக்கு ஒரு மாடுகூட இல்லை. ஓரத்தில் குடியிருந்த, எருமை வளர்த்துத் தயிர் விற்கும் ஒரு பெண்ணிடம், இந்தக் காணியில் என்ன செய்கிறார்கள் என்று கேட்டேன். "இது சும்மா கிடக்கிற தரவை மிஸ்" என்றார். வெயில் மண்டையைப் பிளந்தது. படிவத்தில் 'பயன்பாடு' என்ற கட்டத்துக்குள் 'இல்லை' என்று எழுதினேன். அவர் தந்த மோரைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

இரண்டு வருடம் கழித்து அந்த 'இல்லை' தன் வேலையைக் காட்டியது. சூரிய மின்சாரத் திட்டம் ஒன்றுக்கு இடம் தேடியவர்கள் எங்கள் வரைபடத்தைப் பார்த்துத் தரவை முழுவதையும் கேட்டார்கள். கண்டல் காட்டுக்காகப் போராடியவர்களும் தலையாட்டினார்கள், காட்டில் ஒருவரும் கை வைக்கவில்லையே. காடும் தப்பியது, மின்சாரமும் வரும், யாருக்கும் நட்டமில்லை. இவ்வளவு இலேசாக முடிந்த திட்டத்தை என் உத்தியோக காலத்தில் நான் கண்டதில்லை. அப்போதாவது எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

எல்லைக் கட்டை நடப் போனது மார்கழியில். தரவை பச்சைப்பசேலென்று கிடந்தது. திரும்பிய பக்கமெல்லாம் மாடும் எருமையும். வயலில் நெல் நிற்கும் மாரி மாதங்களில் ஊர் மாடுகளுக்குப் போக்கிடம் இந்தத் தரவைதான். அறுவடை முடிந்தபின்தான் அவை வயலுக்கு இறங்கும். நான் விபரம் எடுத்த அன்று அவையெல்லாம் வயலில் நெல் தாள் மேய்ந்துகொண்டிருந்திருக்கின்றன.

ஊரார் ராத்தா, அதாவது அக்கா, என்று கூப்பிடும் அந்தத் தயிர்க்காரப் பெண் கட்டைகளைப் பார்த்துக்கொண்டே என்னிடம் வந்தார். நான் முந்திக்கொண்டேன். நீங்கள்தானே ராத்தா சும்மா கிடக்கு என்று சொன்னனீங்கள் என்று கேட்டேன். பிழையை அடுத்தவர் தலையில் கட்டுவதில் எங்களுக்கு நல்ல பயிற்சி.

அவர் கோபப்படவில்லை. "ஓம், சொன்னனான். ஆரும் வேலி அடைக்கயில்ல, ஆரிட்டயும் காணி உறுதி இல்ல, ஆற்ற மாடும் மேயலாம். அதைத்தான் சும்மா கிடக்கு எண்டுறது. ஒருத்தருக்கும் தேவையில்ல எண்டா நான் சொன்னனான்?"

மாரி முழுக்க எருமைகளைக் கட்டிவைத்துத் தீனி போட ஏலாது, தரவை போனால் விற்க வேண்டியதுதான் என்றும் சொன்னார். எனக்கு வெட்கமாக இருந்தது. நான் இதே மாவட்டத்துத் திரியாயில் பிறந்தவள். எங்கள் வீட்டிலும் மாடு நின்றது. அந்தச் சொல்லை அதே கருத்தில் எத்தனை தரம் கேட்டிருப்பேன். படிவம் கைக்கு வந்ததும் என் காது மாறிவிட்டது.

திட்டம் ஒப்புதலுக்குப் போய்விட்டது, இனிக் கிளற வேண்டாம் என்றார் பணிப்பாளர். நான் விடுவதாக இல்லை. என் லீவு நாட்களில் அந்த ராத்தாவோடு தரவையைச் சுற்றிச் சுற்றி நடந்தேன். உப்பேறி மாடு வாய் வைக்காத ஒரு மூலையை அவரே காட்டினார். வீதியோரம் கிரவல் மண் வெட்டிக் கைவிட்ட மேடுகளும் இருந்தன. இரண்டையும் சேர்த்தால் மின்சாரக்காரர்கள் கேட்டதில் பாதி தேறும். காட்டுக்காகப் போராடியவர்களுக்காக, கண்டல் இளஞ்செடிகளுக்குள் மாடு இறங்காமல் பார்ப்பது தங்கள் பொறுப்பு என்று மாட்டுக்காரர்களிடம் கையொப்பமும் வாங்கினேன். அதற்கு அவர்கள் முணுமுணுத்தது கொஞ்சநஞ்சமல்ல.

ஒப்புதலுக்கான கடைசிக் கூட்டத்தில் மின்சாரக்காரர்களின் ஆள் என் பழைய படிவத்தைத் தூக்கிக் காட்டினார். அப்போது பயன்பாடு இல்லை என்றால், மாட்டுக்காரர்கள் பிறகு அத்துமீறிப் புகுந்தவர்கள்தானே என்றார். கூட்டத் தலைவர் எங்கள் பக்கம் திரும்பினார். பணிப்பாளர் தன் தேநீர்க் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் என் பெயர் தப்பும், பின்வரிசைக் கதிரையில் இருந்த ராத்தா கள்ளக் குடியேறி ஆகிவிடுவார்.

எழுந்தேன். "அது என்ர கையெழுத்து. மாடு முந்தியும் அங்கதான் நிண்டது. நான்தான் பிழையா எழுதினனான்."

அப்படியானால் சரியாக என்ன எழுத வேண்டும் என்று தலைவர் கேட்டார். ராத்தாவைக் கேளுங்கள் என்றேன்.

"தரவை எண்டே எழுதுங்க. மாடு நிண்டாலும் தரவை, நிக்காட்டியும் தரவை" என்றார் அவர்.

மின்சாரத் தகடுகள் இப்போது கிரவல் மேட்டிலும் உப்பு மூலையிலும் நிற்கின்றன. கிடைக்காத மற்றப் பாதிக்கு மின்சாரக்காரர்கள் இன்னும் எங்களைத் திட்டுகிறார்கள். புதிய வரைபடத்தில் தரவைக்கென்று ஒரு தனி நிறம் உண்டு. என்னிடம் எழுத்தில் விளக்கம் கேட்டார்கள், பதவி உயர்வும் தள்ளிப்போயிற்று. விளக்கத்தைப் பேனாவால்தான் எழுதிக் கொடுத்தேன், யாரும் பிழையாக வாசித்துவிடக் கூடாது என்று ஒவ்வொரு எழுத்தையும் நிறுத்தி நிறுத்தி.