ஜெயந்தினியும் முப்பத்தொரு நெகட்டிவ் பெட்டிகளும்

ஜெயந்தினி பூண்டுலோயாப் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்தவள். அம்மா மலையில் கொழுந்து பறித்தாள், அப்பாவுக்குத் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை. உயர்தரம் வரை படித்தாள். ஹட்டனில் ஒரு வருடக் கணினிப் படிப்பை முடித்த பிறகு, எட்டு வருடம் ஒரு புத்தகக் கடையில் போட்டோகொப்பி எடுத்தாள். 2018இல் அவளுக்கு முப்பத்திரண்டு வயது. அந்த வருடம்தான் ‘மலையகப் படக் காப்பகம்’ என்ற திட்டத்தில் அவளுக்கு வேலை கிடைத்தது.

ஹட்டனில் கஸ்பர் என்பவர் முப்பத்தைந்து வருடம் ஸ்டூடியோ நடத்தியிருந்தார். அவர் இறந்ததும், கனடாவில் இருந்த பிள்ளைகள் அவர் எடுத்த படங்களின் நெகட்டிவ்கள் எல்லாவற்றையும் திட்டத்துக்குக் கொடுத்துவிட்டார்கள். முப்பத்தொரு பெட்டிகள். அவற்றை ஒவ்வொன்றாக ஸ்கேன் செய்து கணினியில் ஏற்றுவதுதான் ஜெயந்தினியின் வேலை. தேவாலய மண்டபத்துக்குப் பின்னால் ஓர் அறை, ஒரு மேசை, வெளிநாட்டில் யாரோ பாவித்து முடித்து அனுப்பிய பிலிம் ஸ்கேனர் ஒன்று, அதோடு சேர்ந்து வந்த பழைய கணினி ஒன்று. அவ்வளவுதான் காப்பகம்.

ஸ்கேனர் நல்ல ஸ்கேனர். அதை இயக்கும் மென்பொருள்தான் மனிதருக்காகச் செய்தது போலவே இல்லை. பிலிம் துண்டை வாயில் வைத்தால் இயந்திரம் உள்ளே இழுத்துக்கொள்ளும், திரையில் ஆறு சின்னப் படங்கள் தெரியும். முதலில் முன்னோட்டம் பார்க்காமல் ஸ்கேன் என்று அழுத்தினால் பெயரில்லாத கறுப்புக் கோப்பு ஒன்று விழும். முன்னோட்டம் முடிவதற்குள் அழுத்தினால் எல்லாம் உறைந்துவிடும். நெகட்டிவ் என்று எத்தனை முறை சொல்லிக் கொடுத்தாலும் அடுத்த துண்டுக்கு அது மறந்துபோகும். பிலிமை வெளியே தள்ளும் பொத்தானும் படத்தைத் திருப்பும் பொத்தானும் ஒரே அம்புக்குறி. நடுநடுவே ‘தெரியாத பிழை’ என்று ஒரு பெட்டி எழும்பும். அதில் ‘சரி’ என்ற பொத்தானைத் தவிர வேறொன்றும் இருக்காது. பிழைக்கும் ‘சரி’ என்றுதான் சொல்ல வேண்டியிருந்தது.

இதையெல்லாம் அவளுக்குச் சொல்லிக் கொடுக்க ஆள் இல்லை. தடித்த கைநூல் ஒன்று ஆங்கிலத்தில் இருந்தது. அகராதியும் கையுமாக மூன்று மாதம் அதோடு மல்லுக்கட்டி, கடைசியில் தடித்த அட்டை போட்ட ஒரு சீயார் கொப்பியில் தமிழில் நாற்பத்து மூன்று படிகளாக எழுதி வைத்தாள். எங்கெங்கே கையை எடுத்துவிட்டுக் காத்திருக்க வேண்டுமோ அங்கெல்லாம் சிவப்பு மையில் ‘பொறு’ என்று எழுதினாள். நான்கு வருடத்தில் எட்டுப் பெட்டிகளை முடித்தாள். கொரோனாவில் அறை பூட்டிக் கிடந்த மாதங்கள் போக, அது சின்ன வேலை இல்லை.

எந்தப் பெட்டியை முதலில் செய்வது என்று முடிவெடுத்தவர் றிச்சர்ட். திட்டத்தின் இணைப்பாளர். அவரும் தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடான லயத்தில் பிறந்தவர்தான். படித்துக் கொழும்புக்குப் போய், மாதத்துக்கு ஒருமுறை வேனில் வந்து பார்த்துவிட்டுப் போவார். துரைமார் பங்களா, கிளப் விருந்து, குதிரைப் பந்தயம் ஆகிய படங்கள் இருந்த பெட்டிகளை முதலில் செய்யச் சொன்னார்.

“டோனர்ஸுக்கு ஒரு புக் அடிக்கணும் ஜெயந்தினி. அதுக்கு நல்ல படமா வேணும். ஐடென்டிடி கார்டு படத்த எல்லாம் பொறகு பாப்போம்” என்றார்.

பெட்டிகளில் முக்கால்வாசி அந்த அடையாள அட்டைப் படங்கள்தான். பிரஜாவுரிமைக்கும், கடவுச்சீட்டுக்கும், வெளிநாட்டு வேலைக்கும் தோட்டத்திலிருந்து இறங்கி வந்து, கஸ்பரின் திரைக்கு முன்னால் விறைத்து உட்கார்ந்தவர்களின் முகங்கள்.

2022 நவம்பரில் டயகமவிலிருந்து வீரம்மா வந்தார். வேலையிலிருந்து நின்றுவிட்ட கொழுந்துத் தொழிலாளி, வயது அறுபத்தைந்து இருக்கும். அவருடைய மகள் புஷ்பராணி 1996இல் வீட்டு வேலைக்காக வெளிநாடு போனவள். ஐந்து வருடம் கழித்து அங்கேயே இறந்துபோனாள். உடல் வரவில்லை. அவளுடைய படங்களாவது வீட்டில் இருந்தன. மூன்று வருடத்துக்கு முன்னால் லயத்தில் தீப்பிடித்து ஒரு வரிசை முழுவதும் எரிந்தபோது அவையும் போய்விட்டன. தகரப் பெட்டியின் அடியில் கிடந்த கஸ்பர் ஸ்டூடியோ அட்டை ஒன்று மட்டும் ஓரம் கருகித் தப்பியிருந்தது. அதில் நெகட்டிவ் இலக்கம் இருந்தது.

“இந்த நம்பர வச்சு படம் எடுக்கலாம்னு சொன்னாங்க. எடுக்கலாமா பாப்பா?”

ஜெயந்தினி பதிவேட்டைப் பார்த்தாள். பத்தொன்பதாம் பெட்டி. எழுந்து போய் எடுத்து, ஸ்கேனரில் வைத்து, முகத்தைக் காட்டப் பத்து நிமிடம் போதும். ஆனால் தான் சொன்ன வரிசையை மாற்றக்கூடாது என்று றிச்சர்ட் சொல்லியிருந்தார்.

“அந்தப் பெட்டியோட முறை இன்னும் வரலங்கம்மா. சித்திரைக்குப் பொறகு வாங்க, எடுத்து வைக்கிறேன்.”

வீரம்மா தலையாட்டிவிட்டு பஸ்ஸுக்குப் போனார். அந்தப் பத்து நிமிடத்துக்காக ஜெயந்தினி இன்றுவரை தன்னை மன்னிக்கவில்லை.

அடுத்த மார்ச் மாதம், திட்டத்துக்குப் பணம் தரும் வெளிநாட்டுக்காரர்கள் பார்வையிட வருவதாக இருந்தது. அதற்கு முன்னால் புதுக் கணினி ஒன்று வருகிறது என்று றிச்சர்ட் சந்தோஷமாகச் சொன்னார். ஜெயந்தினி உடனே மறித்தாள்.

“சேர், ஸ்கேனர் சொஃப்ட்வெயார் பழைய விண்டோஸ்ல மட்டுந்தான் ஓடும். பழச எடுத்துராதீங்க. ஒரு மூலையில இருந்தாப் போதும்.”

“பழசுல ஓடுறது புதுசுல ஓடாதா? என்ன பேச்சு பேசுறீங்க?”

“ஓடாது சேர். நான் பாத்திருக்கேன். கம்பனிக்காரங்களே அத நிப்பாட்டிட்டாங்க.”

“அந்த மஞ்சளிச்ச பழைய கம்பியூட்டர் பெட்டிய மேசையில வச்சுக்கிட்டு நான் வெள்ளைக்காரங்கள உள்ள கூட்டிட்டு வர முடியாது ஜெயந்தினி. பாக்கவே அசிங்கமா இருக்கு.”

திங்கட்கிழமை அவள் வேலைக்கு வந்தபோது பழைய கணினி இல்லை. மின்னணுக் கழிவு சேகரிக்கும் லொறியில் சனிக்கிழமையே ஏற்றிவிட்டார்கள். புதுக் கணினி ரிப்பன் கட்டி உட்கார்ந்திருந்தது. மென்பொருள் இருந்த சீடியைப் போட அதில் வாய்கூட இல்லை. தான் முன்பு வேலை செய்த புத்தகக் கடையிலிருந்து வெளியே பொருத்தும் சீடி டிரைவ் ஒன்றை இரவல் வாங்கி வந்து போட்டுப் பார்த்தாள். இந்த விண்டோஸுக்கு இது ஒத்துவராது என்று ஒரே வரியில் பதில் வந்தது. ஸ்கேனர் விளக்கை மட்டும் எரித்துக்கொண்டு சும்மா இருந்தது.

கம்பனிக்கு மின்னஞ்சல் எழுதினாள். அந்தப் பொருளுக்கான உதவி நிறுத்தப்பட்டுவிட்டது, புதிய மாதிரி ஒன்றை வாங்கவும் என்று பதில் வந்தது. அவர்கள் பிலிம் ஸ்கேனர் செய்வதையே விட்டுப் பல வருடம் ஆகியிருந்தது.

வெள்ளைக்காரர்கள் வந்தார்கள். ஜெயந்தினி ஏற்கனவே ஸ்கேன் செய்து வைத்திருந்த பங்களா படங்களைப் புதுத் திரையில் ஓடவிட்டு றிச்சர்ட் விளக்கம் சொன்னார். எல்லோரும் கைதட்டினார்கள். ஸ்கேனர் ஓடுகிறதா என்று யாரும் கேட்கவில்லை.

அவள் விடவில்லை. இணையத்தில் தேடி, இதே ஸ்கேனரோடு அவதிப்பட்ட யாரோ ஒருவர் எழுதி வைத்திருந்த வழியைக் கண்டுபிடித்தாள். ஒரு கோப்பில் நான்கு வரிகளை மாற்ற வேண்டும், கணினியைத் திறக்கும்போது, அங்கீகாரமில்லாத மென்பொருளைத் தடுக்கும் அதன் கையொப்பச் சோதனையை நிறுத்த வேண்டும். இரண்டு வாரம் மாறி மாறி முயன்றாள். ஒரு செவ்வாய்க்கிழமை பகல் ஸ்கேனர் உறுமிக்கொண்டு பிலிமை உள்ளே இழுத்தது. பக்கத்தில் ஆள் இல்லை. தனியே நின்று வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். உடனே பத்தொன்பதாம் பெட்டியை எடுத்திருக்கலாம். ஒன்பதாவதாகத் தொடங்கிய பெட்டி பாதியில் கிடந்ததால் அதையே தொடர்ந்தாள். மூன்று நாள் ஓடியது. நான்காம் நாள் காலையில் கணினி தானாகவே தன்னைப் புதுப்பித்துக்கொண்டிருந்தது. அவள் மாற்றிய வரிகள் போயிருந்தன.

மறுபடி மாற்றலாம் என்று உட்கார்ந்தால் கடவுச்சொல் கேட்டது. கொழும்பு அலுவலகத்துக்குப் போன் போட்டாள். றிச்சர்ட்தான் பேசினார்.

“செக்கியூரிட்டி செட்டிங்ஸ்ல நீங்க எதுக்குக் கை வச்சீங்க? ஐ.டி. ஆக்கள் எனக்கு ஏசுறாங்க. இனிமே பாஸ்வேர்ட் இங்கதான் இருக்கும்.”

“அத மாத்தாம ஸ்கேனர் ஓடாது சேர். இல்லாட்டி புது விண்டோஸ்ல ஓடுற வேற சொஃப்ட்வெயார் ஒண்ணு விக்கிறாங்க. அத வாங்கித் தாங்க.”

“பட்ஜெட்ல அது இல்ல.”

அடுத்த மூன்று மாத அறிக்கைகளிலும் ஸ்கேன் செய்த படங்களின் எண்ணிக்கை பூச்சியம். காரணம் என்ற இடத்தில் பழைய கணினி அகற்றப்பட்டதை ஜெயந்தினி விவரமாக எழுதினாள். கொழும்பிலிருந்து திருத்தி வந்த பிரதியில் அந்த வரிகள் இல்லை. ‘இயக்குநருக்குப் பயிற்சி தேவை’ என்று இருந்தது. இயக்குநர் என்றால் அவள்தான்.

பயிற்சி கொடுக்கத் தனுஷன் என்ற இளைஞன் வந்தான். நல்ல பையன். அரை மணித்தியாலம் எல்லாவற்றையும் தட்டிப் பார்த்துவிட்டு, “இது இதுல ஓடாது அக்கா. ஒங்களுக்குத் தெரியாதது எனக்கும் தெரியாது” என்றான். அவளுடைய கொப்பியைப் புரட்டிப் பார்த்து வியந்துபோய், பக்கம் பக்கமாகப் போனில் படம் எடுத்துக்கொண்டான். போகும்போது, கொண்டு வந்திருந்த சான்றிதழைக் கொடுத்துவிட்டுப் போனான். ஓடாத மென்பொருளைத் திறம்பட இயக்கப் பயிற்சி பெற்றதாக அதில் எழுதியிருந்தது.

வீரம்மா சித்திரை கழிந்து வந்தார். பிறகு ஆடியில் வந்தார். பிறகு ஐப்பசியில், மழையில் நனைந்த சேலையோடு வந்து வாசலில் நின்றார்.

“மெசின் சரியாயிருச்சா பாப்பா?”

“இல்லங்கம்மா.”

“சரி, நான் பொறகு வாறேன். டயகம பஸ் போயிரும்.”

“இருங்கம்மா. உள்ள வந்து உக்காருங்க.”

பத்தொன்பதாம் பெட்டியை இறக்கி, இலக்கத்தைத் தேடி, கறுப்பு வெள்ளைப் பிலிம் துண்டை எடுத்தாள். புதுக் கணினியில் எழுத்தில்லாத வெள்ளைப் பக்கம் ஒன்றைத் திறந்து, திரையின் வெளிச்சத்தைக் கூட்டினாள். கறுப்பு மட்டையில் சிறு சதுரம் வெட்டிப் பிலிமை அதற்குப் பின்னால் ஒட்டி, திரைக்கு முன்னால் நிறுத்திப் போனில் படம் பிடித்தாள். முதலில் திரையின் புள்ளிகள் விழுந்தன. மட்டையைத் திரையிலிருந்து ஒரு சாண் தள்ளி வைத்ததும் புள்ளிகள் மறைந்தன. போனிலேயே கறுப்பை வெள்ளையாகவும் வெள்ளையைக் கறுப்பாகவும் மாற்றினாள். இருபது வயதுப் பெண் ஒருத்தி, எண்ணெய் வைத்து வாரிய தலையோடு, நேரே பார்த்தாள்.

புதுக் கணினியால் அந்த அறைக்குக் கிடைத்த ஒரே உபயோகம் அந்த வெளிச்சம்தான்.

வீரம்மா போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

“சிரிக்கலயே. சிரிச்சா பாஸ்போட்டுக்கு எடுக்க மாட்டாங்கன்னு போட்டோக்காரரு ஏசினாராம். வந்து சொன்னா. எப்பவும் சிரிச்ச மொகந்தான் பாப்பா எம்புள்ள.”

புத்தகக் கடையில் அதை அச்செடுத்துக் கொடுத்து, ஜெயந்தினியே அவரை பஸ் ஏற்றிவிட்டாள்.

வீரம்மா வீட்டில் படத்துக்கு மாலை போட்டு விளக்கேற்றியதைப் பக்கத்து வீட்டுக்காரர்கள் முகநூலில் போட்டார்கள். காப்பகத்துக்கு நன்றி என்றும் எழுதினார்கள். இரண்டு நாளில் றிச்சர்ட் அழைத்தார்.

“இந்தப் படம் வெளிய எப்படிப் போச்சு?”

“அது அந்தம்மாவோட மக சேர்.”

“யாரோட மகளா இருந்தாலும் நெகட்டிவ் காப்பகத்துச் சொத்து. ஃபோம் நிரப்பினாங்களா? போன்ல எடுத்துக் குடுக்கிறதுக்கா வெளிநாட்டுக்காரன் நமக்குக் காசு தாறான்?”

“ஸ்கேனர் ஓடுறப்போ நீங்க பங்களாவ எடுக்கச் சொன்னீங்க சேர். அப்பவே இத எடுத்திருந்தா அந்தம்மா ஒரு வருசம் அலைஞ்சிருக்க மாட்டாங்க.”

“நீங்க கொஞ்ச நாளாவே சரியில்ல ஜெயந்தினி” என்றார் றிச்சர்ட். டிசம்பரில் அவளுடைய ஒப்பந்தம் முடிந்தது. புதுப்பிக்கவில்லை. தொழில்நுட்பத் தகைமை போதாது என்று கடிதத்தில் எழுதியிருந்தார்கள். ஜனவரியில் முப்பத்தொரு பெட்டிகளையும் வேனில் ஏற்றிக் கொழும்புக்குக் கொண்டுபோனார்கள். ஸ்கேனரையும் எடுத்துப் போனார்கள்.

சில மாதம் கழித்துத் தனுஷன் அவளுக்கு ஒரு கோப்பு அனுப்பினான். காப்பகம் வெளியிட்ட தமிழ்க் கையேடு. நாற்பத்து மூன்று படிகள், இடையிடையே ‘பொறு’ என்ற சொல்கூட அப்படியே. தயாரிப்பு என்ற இடத்தில் றிச்சர்ட்டின் பெயர் இருந்தது. “சொறி அக்கா, நான் கேட்டவங்களுக்குக் குடுத்துட்டேன்” என்று கீழே எழுதியிருந்தான். அவள் பதில் போடவில்லை.

இப்போது அவள் ஹட்டனில் ஒரு சுப்பர் மார்க்கெட்டில் பில் போடுகிறாள். போன மாதம் வீரம்மா அங்கே தேடி வந்தார். கூடவே மீனம்மா என்ற பெண். அவருக்கும் அதே தீயில் வீடு எரிந்திருந்தது. வெளிநாட்டில் காணாமல் போன தங்கையின் படம் வேண்டும் என்று, நெகட்டிவ் இலக்கம் எழுதிய காகிதத் துண்டோடு வந்திருந்தார்.

ஜெயந்தினி பின்னால் நின்ற ஆட்களைப் பக்கத்துக் கவுண்டருக்கு அனுப்பிவிட்டு, காப்பகத்தின் கொழும்பு இலக்கத்தைப் போனில் அழுத்தினாள். எடுத்த பெண் மரியாதையாகத்தான் பேசினாள். இணையத்தில் ஆங்கிலத்தில் விண்ணப்பம் போட வேண்டுமாம். ஆனால் இப்போதைக்குப் பெட்டிகளைத் திறப்பதில்லையாம், ஸ்கேனர் அங்கேயும் ஓடவில்லையாம்.

“என்னங்க சொல்றாங்க?” என்று மீனம்மா கேட்டார்.

“இல்லங்கக்கா. இப்ப கெடைக்காதாம்.”

வீரம்மா நம்பவில்லை. “நீ போன்ல எடுத்தியே பாப்பா, அதே மாதிரி எடுத்துக் குடேன்” என்றார். பெட்டிகள் இங்கே இல்லை என்று ஜெயந்தினி மூன்று முறை சொல்ல வேண்டியிருந்தது. மீனம்மா துண்டை மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டார். இருவரும் ஆளுக்கொரு பாக்கெட் பிஸ்கட் வாங்கினார்கள். ஜெயந்தினி பில் போட்டுக் கொடுத்தாள்.