மூளைக்கு டியூஷன்

ஞாபகசக்திப் பரிசோதனை ஒன்றுக்கு டியூஷன் எடுத்துக்கொண்டு போனவன் நான். இரத்தம் சோதிக்கப் போகுமுன் அயல்வீட்டுக்காரரின் நல்ல இரத்தத்தைக் கடன் வாங்கி ஏற்றிக்கொண்டு போவதற்கு ஒப்பான காரியம் இது என்று இப்போது விளங்குகிறது. அப்போது விளங்கவில்லை. அப்போது எனக்கு ஐம்பத்துமூன்று வயது. வீட்டில் கட்டிலுக்குக் கீழேயும் புத்தகம் அடுக்கி வைத்திருந்தேன். படித்தவன், எழுத்தாளன் என்று நாலு பேர் சொல்லிக்கொண்டும் இருந்தார்கள்.

பரிசோதனைக்குக் காரணம் என் அடையாள அட்டை. யுத்தம் உச்சத்தில் நின்ற வருடங்கள் அவை. கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் வீட்டிலிருந்து கடைக்குப் பாண் வாங்க இறங்குவதானாலும் சட்டைப்பையில் அட்டை இருக்க வேண்டும். மற்றவர்கள் செருப்புப் போட மறந்தாலும் அதை மறப்பதில்லை. நான் செருப்போடு இறங்கினேன், அட்டையை மறந்தேன். ஒருமுறை அல்ல, கொஞ்ச நாட்களுக்குள் மூன்று முறை. முதல் தடவை காவலரணில் நின்ற சிப்பாய் நல்ல மனிதன், திருப்பி அனுப்பிவிட்டான். இரண்டாம் தடவை பின்னேரம் முழுவதும் பொலிஸ் நிலையத்து வாங்கில் இருந்தேன். என் மனைவி உயர்தர வகுப்பு மாணவர்களைத் தொகையீட்டுக் கணக்கின் நடுவில் விட்டுவிட்டு, அட்டையையும் பொலிஸ் பதிவுத் துண்டையும் எடுத்துக்கொண்டு ஓடிவந்தாள். அவள் வெள்ளவத்தையில் பெயர் பெற்ற கணித டியூஷன் ரீச்சர். எங்கள் விறாந்தையில் எந்நேரமும் இருபது சோடிச் செருப்பு கிடக்கும்.

மூன்றாம் தடவைக்குப் பிறகு அவள் ஏசவில்லை. அதுதான் எனக்குப் பயத்தைத் தந்தது.

"இஞ்சேருங்கோ, உங்கட அப்பாவுக்கு எத்தினை வயசில தொடங்கினது?" என்று மட்டும் கேட்டாள்.

என் அப்பா அறுபதுக்கு முன்னரே எங்கள் பெயர்களை ஒவ்வொன்றாகக் கைவிட்டவர். கடைசியில் என்னைத் தபால்காரன் என்று நினைத்து, மரியாதையோடு தின்பண்டம் தந்து அனுப்புவார். எனக்கும் அது வருகிறதா என்பதுதான் இப்போது எங்கள் இருவருக்கும் நடுவில் இருந்த கேள்வி. அதைக் கேட்காமல் இருப்பதற்காக நாங்கள் வேறு நிறையக் கதைத்தோம்.

வழி காட்டியவன் கொட்டாஞ்சேனை நண்பன். துறைமுகத்தில் கிளார்க்காக இருந்து இளைப்பாறியவன். ஞாயிறு பூசை முடிந்தால் பஸ் பிடித்து எங்கள் வீட்டுக்கு மத்தியானச் சாப்பாட்டுக்கு வருவான். அவன் ஓர் ஆஸ்பத்திரி ஆராய்ச்சிக்குத் தன் மூளையைக் காட்டிவிட்டு வந்திருந்தான். ஐம்பது கடந்த, நோய் வருத்தம் ஏதும் இல்லாத ஆட்கள் அவர்களுக்குத் தேவையாம். முதலில் ஞாபகசக்திப் பரிசோதனை, அடுத்த கிழமை ஸ்கேன்.

"ஊசி இல்ல மச்சான், மருந்து இல்ல. குழாய்க்குள்ள படுக்கணும், அவ்வளவுதான். கப்பல் தாழ முந்தி அடியில தண்ணி ஏறுதா எண்டு பாக்கிறாங்க."

அவன் சொன்னதை நான் புத்தகங்களில் தேடித் திருத்திக்கொண்டேன். வழமையான ஸ்கேன் மூளையின் வடிவத்தைக் காட்டும். இது அதற்குள் இருக்கும் இரசாயனங்களை அளக்கும். நரம்புக் கலங்கள் சுகமாக இருந்தால் ஒரு இரசாயனம் உயர்ந்து நிற்கும். மறதிநோய் வருவதானால், ஆளுக்குத் தெரியவருவதற்கு முன்பே அது குறையத் தொடங்கலாம். வேறொன்று ஏறத் தொடங்கலாம். எங்களைப் போன்றவர்களின் மூளையைப் பார்த்தால்தான் சாதாரண அளவு எது என்று அவர்களுக்குத் தெரியும்.

"நீங்களும் போங்கோ," என்றாள் மனைவி. பிறகு நண்பனைப் பார்த்துக் கேட்டாள்: "பரிசோதனையில என்ன கேட்டவை?"

அந்தக் கேள்வியில் எந்தக் கெட்ட எண்ணமும் இருக்கவில்லை. பரிசோதனை என்ற சொல் காதில் விழுந்தால் அவளுக்கு வருகிற கேள்வி அது. நண்பனும் சாதாரணமாகத்தான் பதில் சொன்னான். பதினைந்து சொற்கள் வாசிப்பார்கள், திருப்பிச் சொல்ல வேண்டும், கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் சொல்ல வேண்டும்.

"என்னென்ன சொல்?"

"குடை, தட்டு, மணி, யன்னல்..." அவன் விரல் விட்டு எண்ணினான். பதினான்கில் நின்றான். கோழிக்கறியைப் பார்த்தபடி யோசித்தான். "நங்கூரம். ஓம், நங்கூரம்."

"ஷுவரா?" என்றேன் நான்.

"முப்பது வருஷம் துறைமுகத்தில இருந்தவனுக்கு நங்கூரம் மறக்குமா?"

அன்று பின்னேரமே வகுப்பு ஆரம்பித்தது. சோறு போடும்போது கேட்பாள். குளியலறைக் கதவுக்கு வெளியே நின்று கேட்பாள். நான் உள்ளேயிருந்து குடை, தட்டு, மணி என்று கத்துவேன். உயர்தர மாணவர்கள் கொப்பிக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு சிரிப்பார்கள். யன்னலையும் கிணற்றையும் நான் இடம் மாற்றிச் சொன்னால், "கவனம் இல்லை, கவனம் இல்லை," என்று பிள்ளைகளிடம் சொல்லும் அதே குரலில் சொன்னாள். உண்மையைச் சொன்னால், பல மாதங்களுக்குப் பிறகு வீடு கலகலப்பாக இருந்தது.

பரிசோதித்தவர் ஒரு இளம் டொக்டர்ப் பிள்ளை. எங்கள் ஊர்ப் பக்கத்துப் பேச்சு. என்னை அங்கிள் என்றார். அவர் சொற்களை நிதானமாக வாசித்தார். நான் மேசையில் இருந்த சின்னப் பூச்செடியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தெரிந்த பாடத்தைக் கவனித்துக் கேட்கிற மாணவன் எங்கே இருக்கிறான்? வாசித்து முடிந்ததும் ஒப்புவித்தேன். தடங்கல் இல்லை, வரிசை பிசகவில்லை. நங்கூரத்தில் கொண்டுபோய் நிறுத்தினேன். அவர் என்னை ஒரு கணம் பார்த்தார். ஏதோ எழுதினார். அரை மணி நேரத்துக்குப் பிறகு கேட்டபோதும் அப்படியே சொன்னேன்.

திரும்பி வரும் பஸ்ஸில் நான் வெற்றிப் பெருமிதத்தில் இருந்தேன். மனைவி யன்னலால் பார்த்துக்கொண்டு வந்தாள். பம்பலப்பிட்டி தாண்டியதும் திரும்பினாள்.

"நாங்கள் வருத்தம் இருக்கோ எண்டு பாக்கப் போனனாங்களோ, பாஸ் பண்ணப் போனனாங்களோ?"

நான் பஸ் டிக்கெட்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்தேன்.

"உங்களுக்கு உண்மையா ஏதும் இருந்தா, அதை மறைச்சு விட்டது நான்தான்," என்றாள்.

"நீர் ஏன் அப்பிடி யோசிக்கிறீர்? ஸ்கேன் இருக்குத்தானே," என்றேன். "அதுக்கு டியூஷன் குடுக்கேலாது."

அவளைத் தேற்றச் சொன்னது அது. என்னை அது தேற்றவில்லை.

ஸ்கேன் நாளன்று இயந்திரத்தை இயக்கியவர் ஒரு சிங்கள மனிதர். சட்டைப்பையில் இருப்பதை எல்லாம் வெளியே எடுக்கச் சொன்னார். பழக்க தோஷத்தில் நான் இரண்டு கைகளையும் உயர்த்திக்கொண்டு நின்றேன். அவர் சிரித்துவிட்டார். அடையாள அட்டையை நீட்டினேன். அதையும் வெளியே வைத்துவிட்டு வாருங்கள் மஹத்தயா, உள்ளே ஒருவரும் கேட்கமாட்டார்கள் என்றார். கொழும்பில் அப்படி ஓர் இடம் இருப்பது எனக்கு அதுவரை தெரியாது. அந்தக் குழாய்க்குள் ஓர் அறை வாடகைக்குக் கிடைக்குமா என்று கேட்க நினைத்தேன்.

"ஹெல்லென்ன எப்பா," என்றார். அசையக் கூடாது என்று அர்த்தம். காவலரணில் அதே சொற்களைக் கேட்டிருக்கிறேன். இவ்வளவு அன்பாகக் கேட்டதில்லை.

உள்ளே சத்தம், மேல்மாடிக்காரர் வீடு திருத்துவதைப் போல இருந்தது. நான் உயர்ந்த விஷயங்களைச் சிந்திக்கத் தீர்மானித்திருந்தேன். நல்ல சிந்தனைக்கு நல்ல இரசாயனம் சுரக்கும் என்பது என் சொந்த ஆராய்ச்சி. மனப்பாடமான வெண்பாக்களை வரிசையாக அழைத்தேன். இரண்டாவது வெண்பாவின் ஈற்றடியில் ஒரு மட்டன் ரோல் வந்து உட்கார்ந்தது. வெளியே தள்ளினேன். இன்னொன்றையும் கூட்டிக்கொண்டு வந்தது. கடைசிவரை என் மூளைக்குள் இருந்தது அந்த இரண்டு ரோல்களும், வெளியே வாங்கில் இருக்கும் என் மனைவியும்தான். அவள் கையில் என் அட்டை இருந்தது. அப்பா எங்கள் பெயர்களில் கடைசியாகக் கைவிட்டது எதை என்று யோசித்தேன். அது அம்மாவினுடையது. அதற்குப் பிறகு அசையாமல் படுத்திருப்பது சுலபமாக இருக்கவில்லை.

அளவுகளைக் கணித்து முடிக்கக் கொஞ்ச நேரம் எடுக்கும் என்றார்கள். பின்னர் டொக்டர்ப் பிள்ளை எங்கள் இருவரையும் உள்ளே கூப்பிட்டார். திரையில் ஒரு கோடு ஏறி இறங்கிக் கிடந்தது; சின்னப்பிள்ளை கீறிய மலைத்தொடர் மாதிரி. அதை விட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"அங்கிள், போன கிழமை சொன்ன சொல்லுகளை இப்ப ஒருக்காச் சொல்லுங்கோ."

நான் மனைவியைப் பார்த்தேன். அவள் நிலத்தைப் பார்த்தாள். சொன்னேன். நங்கூரம் வரைக்கும்.

"நங்கூரம் என்ர லிஸ்ட்டில இல்லை அங்கிள். கயிறு எண்டுதான் இருக்கு." அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தார். "உங்களுக்கு முன்னம் வந்த ஒரு அங்கிளும் நங்கூரம் எண்டவர்."

"கொட்டாஞ்சேனை ஆளோ?"

"அது நான் சொல்லேலாது."

என் மனைவி எழுந்து நின்றுவிட்டாள், வகுப்பில் பிடிபட்ட பிள்ளையைப் போல. "பிழை என்னில, டொக்டர். நான்தான் படிப்பிச்சனான். இவருக்கு உண்மையா ஏதும் இருந்தா..."

"இருங்கோ அன்ரி," என்றார் அவர். "ஒரு கிழமைக்கு முந்திப் படிச்சதை இவர் ஒண்டும் விடாமல் சொல்லுறார். பிழையைக்கூட விடாமல் சொல்லுறார். அந்த வருத்தம் தொடங்கின ஆளுக்கு எவ்வளவு டியூஷன் குடுத்தாலும் புதுசாப் படிச்சது இப்பிடி நிக்காது."

அதோடு விடவில்லை. நாங்கள் காணாத வேறு சொற்களை வாசித்தார். இந்த முறை நான் பூச்செடியைப் பார்க்கவில்லை. பதினைந்தில் பதினொன்று வந்தது. வயதுக்கு நல்லது என்றார். பிறகுதான் திரையைக் காட்டினார். உயர வேண்டிய சிகரம் உயர்ந்து நின்றது. ஏறக் கூடாதது பக்கத்தில் பணிவாகக் குந்திக்கொண்டிருந்தது. இந்தப் படத்தை மட்டும் வைத்துக்கொண்டு ஒருவருக்கும் தீர்ப்புச் சொல்ல முடியாது, ஆனால் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால் பயப்பட ஒன்றும் தெரியவில்லை என்றார்.

"அப்ப அடையாள அட்டை?" என்றாள் மனைவி.

"மறக்கிறது வேற, கவனியாமல் விடுறது வேற அன்ரி. நான் முதல் நாள் வாசிக்கேக்க இவர் செடியைப் பாத்துக்கொண்டிருந்தவர். காதில விழாததை எப்பிடி மறக்கிறது?"

அன்று நாங்கள் ஆட்டோ பிடிக்கவில்லை, பஸ் எடுக்கவில்லை. கொழும்பின் பெருந்தெருவான காலி வீதி வழியே நடந்தோம். வழியில் இரண்டு காவலரண்கள். இரண்டிலும் அவர்கள் கேட்கமுன்னரே நான் அட்டையை நீட்டி, சிப்பாய்களுக்குக் காலை வணக்கம் சொன்னேன். அது பின்னேரம். ஒருவன் பதிலுக்கு வணக்கம் சொன்னான். வெள்ளவத்தையில் ஒரு கடைக்குள் புகுந்து மட்டன் ரோல்களுக்குச் சொன்னேன். மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். நங்கூரம், நங்கூரம் என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். பக்கத்து மேசைக்காரர்கள் எங்களுக்கு லொத்தர் விழுந்துவிட்டது என்று நினைத்திருப்பார்கள். என் மூளையின் சிகரத்தைப் பற்றியும், அதன் உயரத்தைப் பற்றியும், ஓர் எழுத்தாளனுக்கு அது எவ்வளவு பொருத்தம் என்பதைப் பற்றியும் நான் விரிவாகக் கதைத்துக்கொண்டிருந்தேன்.

அவள் தேநீரை ஆற்றிக் குடித்துவிட்டுக் கோப்பையை வைத்தாள்.

"அப்ப இது வருத்தமில்லை," என்றாள். "உங்கட குணம். வருத்தமெண்டா ஏதும் மருந்து குடுத்திருக்கலாம்."