காக்கிக் கால்சட்டை

பொங்கல் கழிந்த மறுவாரம் டாக்டர் விஜயலக்ஷ்மி அந்தக் காக்கிக் கால்சட்டையை எடுத்துக்கொண்டு மந்தைவெளி தையல்கடைக்கு வந்துவிடுவார். முன்பெல்லாம் இடுப்பைத் தளர்த்தித் தரவேண்டும். வயது ஏற ஏற, பிடித்துத் தரவேண்டும் என்று ஆயிற்று. அதைத் தைத்தவள் குல்ஷன். இப்போது மிஷினில் உட்கார்ந்திருப்பது அவள் மகள் சகினா. எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டுவிட்டு அம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்த நாள் முதல் சகினா இந்தக் கால்சட்டையைப் பார்த்து வருகிறாள். டாக்டரம்மா அதைப் போட்டுத்தான் பார்த்ததில்லை.

"இன்னா டாக்டரம்மா, இந்த வருசமும் இதானா? ஒரு தபா போட்டுக்கினு வாங்களேன், நாங்களும் பாக்கறோம்."

"கடலுக்குப் போட்டுக்கத்தான் வெச்சிருக்கேன். மந்தைவெளியில எதுக்கு?"

அவர் ஊசி போடும் டாக்டர் இல்லை. கடற்பாசி ஆராய்ச்சி. அவர் இருந்த ஆய்வுக்கூடத்தில் முதன்முதலாக வேலைக்கு எடுத்த பெண். ஓய்வு பெற்று எவ்வளவோ காலம் ஆகியும் பெசன்ட் நகர் கரையில் ஒதுங்கும் பாசியைப் பொறுக்கி வருவார். அபிராமபுரத்து வீட்டில் அகலத் தட்டில் தண்ணீர் ஊற்றி, அதை மிதக்கவிட்டு, அடியில் காகிதம் நுழைத்து, ஊசிமுனையால் இழை இழையாகப் பிரித்து அப்படியே தூக்குவார். ரவிக்கைக்கு அளவெடுக்கப் போன சகினா வாசற்படியில் நின்றபடியே அதைப் பார்த்தாள். பட்டுத் துப்பட்டாவை விரிப்பதுபோல இருக்கிறது என்று நினைத்தாள். சொல்லவில்லை. அவளுக்குப் பேச்சு கடையில்தான் வரும், அடுத்தவர் வீட்டில் வராது.

கால்சட்டையின் கதையை ஒருநாள் பொத்தான் தைத்து முடியும்வரை உட்கார்ந்திருந்தபோது டாக்டரே சொன்னார்.

"பாசி எடுக்கப் போற படகுல சேலையோட ஏற முடியாதுன்னா ஆபீஸ்ல. சரின்னு உங்கம்மாகிட்ட இதைத் தெச்சுண்டேன். அடுத்த வருஷம், படகுல பொம்மனாட்டிகளுக்கு பாத்ரூம் இல்லைன்னா. அதுக்கப்புறம், ராத்திரி தங்கணும், யார் பொறுப்புன்னா. பசங்க போயிட்டு வருவா. எனக்குப் பாசி வாளியில வரும், மருந்துல ஊறி, நிறமெல்லாம் வெளுத்து. செத்ததைப் பார்த்தே பேர் வாங்கிட்டேன் சகினா. பாறை மேல அது எப்படி ஆடும்னு எனக்குத் தெரியாது."

"அப்பால பெரிய ஆளா ஆனீங்களே. அப்ப போயிருக்கலாமில்ல?"

டாக்டர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"யார் போகணும்னு முடிவு பண்றது அப்போ நான்தான். ஒரு பொண்ணுக்கு ஏதாவது ஆயிடுத்துன்னா இனிமே ஒருத்தியையும் விடமாட்டான்னு பயந்துண்டு, நானும் பசங்களையே அனுப்பினேன். அப்புறம் என்னை மட்டும் எப்படிச் சேர்த்துக்கறது?"

மார்ச் மாதம் மகளிர் தினத்துக்கு யாராவது மேடைக்குக் கூப்பிடுவார்கள். அதற்கென்று ஒரு ரவிக்கை தைக்கக் கொடுப்பார். வாங்க வரும்போது முணுமுணுப்பார்: "ஆத்தையும் ஆராய்ச்சியையும் எப்படிச் சமாளிச்சேள்னு கேக்கறா. பாசியைப் பத்தி ஒருத்தர் கேக்கறதில்லை. வாய்ப்பு வாய்ப்புங்கறா. வேலை குடுத்துட்டா ஆச்சா? படகுல எடம் குடுக்கணும்."

இந்த ஆண்டு பொங்கலுக்கு முன்பே வந்துவிட்டார். அதே ஆய்வுக்கூடத்தில் இப்போது இருக்கும் ஹம்சினி என்ற பெண் போன் செய்திருந்தாள். மண்டபம் பக்கத்துத் தீவுகளுக்குப் படகு போகிறது, பெண்களுக்குத் தனி அறை இருக்கிறது, நீங்களும் வாருங்கள் மேம் என்று.

"சீக்கிரம் வேணும்" என்றார் டாக்டர். இத்தனை வருடங்களில் அவர் அவசரப்பட்டு சகினா பார்த்ததில்லை. இடுப்பைப் பிடித்து, பின்பக்கம் எலாஸ்டிக் வைத்தாள்.

"இந்தத் தபா இங்கியே போட்டுப் பாத்துருங்க."

திரைக்குப் பின்னால் டாக்டரை ஸ்டூலில் உட்காரவைத்து, தரையில் மண்டியிட்டு, குழந்தைக்கு மாட்டுவதுபோல் துணியைச் சுருட்டிப் பிடித்தாள் சகினா. ஒரு கால் நுழைந்தது. இன்னொன்றின் முட்டி மடங்கவில்லை. டாக்டர் சுவரைப் பிடித்துக்கொண்டார். சகினா குதிகாலைத் தாங்கித் தூக்கினாள். அவர் பல்லைக் கடித்துக்கொண்டு, "விடு" என்றார்.

சகினா விட்டுவிட்டாள். "படகுல ஏற படி கீதுங்களா டாக்டரம்மா?"

"ஏணி. கயித்து ஏணி."

மேலே பறக்கும் ரயில் கடந்து போனது. பிறகு டாக்டர், "கழட்டிடு" என்றார்.

ஹம்சினி கடலுக்குப் போய்த் திரும்பியும் விட்டாள். போன வாரம் மகளிர் தின ரவிக்கையை வாங்க டாக்டர் வந்தார். கால்சட்டை கொக்கியில் தொங்கிக்கொண்டிருந்தது.

"இத்த இன்னா பண்றது?" என்று கேட்டாள் சகினா.

"இருக்கட்டும்" என்றார். போகிற போக்கில் அதன் கீழ் ஓரத்தை இரண்டு விரல்களால் நசுக்கிப் பார்த்தார், துவைத்துப் போட்ட துணி உலர்ந்துவிட்டதா என்று பார்ப்பதுபோல.

கால்சட்டை இன்னும் சகினாவின் கடையில்தான் இருக்கிறது. இடுப்பு அவருக்குச் சரியான அளவில் இருக்கிறது.